மூடிய கதவுக்குள் நடக்கும் பேச்சைப் பதிவுக்குள் கொண்டுவருவது எப்படி? மட்டக்களப்பு ஊரவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை. எங்கள் கமக்காரர் அமைப்பிலிருந்து ஐந்து பேர் ஒரு கந்தோருக்குப் போயிருந்தோம். ஆற்றங்கரையில் மண் ஏற்ற இன்னொரு அனுமதி கொடுக்கப்போகிறார்கள் என்று கதை அடிபட்டது. வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, தண்ணீர் போகும் வாய்க்கால் கட்டு ஏற்கெனவே சரிந்து கிடக்கிறது, இனியும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் போனோம். எட்டரைக்கே போய் வெளி வாங்கில் இருந்துவிட்டோம். பத்து மணிக்கு வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். கையில் பைலும் இல்லை, கடிதமும் இல்லை. பியோனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நேரே உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே தேநீர் போனது. முக்கால் மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்ததும், "சேர் கூட்டத்துக்குப் போகப்போறார், கடிதத்தைக் குடுத்திட்டுப் போங்க" என்று எங்களிடம் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த வட்டவிதானை (வயலுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்ப்பவர்) மெதுவாகச் சொன்னார்: "மனே, அவன் தட்டாமலே உள்ள போறான். நாம தட்டிப்போட்டும் வெளிய நிக்கிறம்."

அன்றைக்கு நாங்கள் கொடுத்த கடிதத்தில் ஐந்து பேரின் பெயர், கையெழுத்து, திகதி எல்லாம் இருந்தன. உள்ளே போனவர் வந்ததற்கோ என்ன கேட்டார் என்பதற்கோ எந்தக் கடதாசியிலும் ஒரு வரி கிடையாது. எங்கள் கோரிக்கை பைலில் கிடந்தது. அவருடையது அதிகாரியின் மனதில் கிடந்தது. இந்த வித்தியாசத்தை எப்படி இல்லாமல் செய்வது என்று அதன்பிறகு தேடிப் படித்ததையும், செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம்

தமக்காகவோ இன்னொருவருக்காகவோ அதிகாரிகளைச் சந்தித்துக் காரியம் பேசுகிறவர்களுக்கு வெளிநாடுகளில் லொபிக்காரர் என்று பெயர். அமெரிக்காவில் இவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இலங்கையில் அப்படி ஒரு பதிவேடோ சட்டமோ இல்லை. ஆனால் வேலை நடக்கிறது. எங்கள் பக்கம் அது முதலாளியின் மச்சானாக வரும், கட்சி அமைப்பாளராக வரும், ஓய்வுபெற்ற அதிகாரியாக வரும், தேர்தலுக்கு வாகனம் கொடுத்து உதவியவராகவும் வரும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அரசாங்கத்திடம் போய்த் தன் பக்க நியாயத்தைச் சொல்வது குற்றமில்லை. அன்றைக்கு உள்ளே போனவருக்கும் அந்த உரிமை உண்டு. நாங்களும் அன்றைக்கு அதற்குத்தான் போனோம். கேட்டது யார், யாரிடம் கேட்டார், எதற்காகக் கேட்டார், பதிலுக்கு என்ன கொடுத்தார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை. ஆகவே ஆளை வாசலில் மறிப்பது நமது வேலையில்லை. அவர் வந்து போனதைப் பதிவில் ஏற்றுவதுதான் வேலை.

படி 1: கையெழுத்து யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

ஊரில் பெரும்பாலும் பிழை விடுவது இந்த இடத்தில்தான். மணல் விஷயத்துக்குக் கிராம சேவகரோடு சண்டை பிடிப்போம், அல்லது பிரதேச சபைத் தவிசாளரைத் திட்டுவோம். மணல் அகழ்வு அனுமதிப்பத்திரம் கொடுப்பது இவர்கள் இருவருமில்லை. 1992 இன் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அதைக் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். அதற்கு முன் பிரதேச செயலகம், நீர்ப்பாசனத் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகார சபை போன்ற இடங்களின் விதப்புரை (சிபாரிசு) தேவைப்படும். வாகரைப் பக்கத்து இறால் பண்ணை, கதிரவெளிக் கரையின் கனிய மணல் என்று எடுத்தால் கரையோரம் பேணல் திணைக்களமும் உள்ளே வரும்.

ஒரு கொப்பித் தாளில் கோடு போட்டு எழுதுங்கள்: விண்ணப்பம் எங்கே போகிறது, எந்தெந்த மேசையில் நிற்கிறது, கடைசிக் கையெழுத்து யாருடையது. செல்வாக்கு வேலை செய்வது பெரும்பாலும் கடைசி மேசையில் இல்லை. நடுவில் இருக்கும் ஒரு விதப்புரைக் கடிதத்தில்தான். "ஆட்சேபனை இல்லை" என்ற இரண்டு சொல்லுக்காகத்தான் தேநீர் உள்ளே போகிறது.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு, பிரதேச ஒருங்கிணைப்புக் குழு ஆகிய இரண்டையும் மறக்க வேண்டாம். பல திட்டங்களுக்கு அங்கேதான் வாய் வார்த்தையில் பச்சைக்கொடி விழுகிறது. இன்னொன்று: கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பிறகு மாகாணத்தில் நாம் வாக்குப் போட்டு அனுப்பியவர்கள் இல்லாமல் ஆளுநரும் செயலாளர்களும் நடத்திய வருடங்கள் பல. கேள்வி கேட்கும் உறுப்பினர் இல்லாத இடத்தில் கதவைத் தட்டாமல் உள்ளே போவது இன்னும் இலகு.

படி 2: சத்தம் போடுமுன் ஆதாரம்

எங்கள் வட்டையில் ஒரு பெரியவர் செய்த வேலையைச் சொல்கிறேன். ஆற்றங்கரையிலிருந்து பத்து அடி உள்ளே ஒரு கம்பை அடித்து, அதில் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அதே இடத்தில் நின்று பேரன் போனில் ஒரு படம் எடுப்பான். முதல் கிழமை கம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் புல்லும் நாணலும் தெரிந்தன. பிறகு டிப்பர் சில்லுத் தடம் தெரிந்தது. மாரி மழை தொடங்கிய பிறகு எடுத்த படத்தில் கம்பே சரிந்து ஆற்றுப் பக்கம் தலை குனிந்து நிற்கிறது. அந்தப் படங்களைத் திகதி வாரியாக ஒரு தாளில் ஒட்டிக் காட்டியபோது "அங்கே பாதிப்பொன்றும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை மாற்றினார்கள். பத்துப் பக்க மனுவில் சாதிக்க முடியாததை அந்தக் கம்பு சாதித்தது.

படி 3: தகவல் கேளுங்கள்

2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசியலமைப்பின் 14அ உறுப்புரையில் இது அடிப்படை உரிமை. தமிழில் எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. ஃபோம் கட்டாயமில்லை, சாதாரணத் தாளில் எழுதிய கடிதமே போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. தனி ஆளாகக் கேட்கப் பயமாக இருந்தால் அமைப்பின் பெயரில் கேட்கலாம். அமைப்பில் நான்கில் மூன்று பங்கினராவது இலங்கைப் பிரஜைகளாக இருந்தால் அதையும் சட்டம் பிரஜையாகவே கணிக்கிறது. கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம், மாதர் சங்கம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் ஒரு பந்தி விளக்கம் வரும், அதில் ஒன்றும் இருக்காது. ஆவணத்தைக் கேளுங்கள், அதையும் பெயர் சொல்லி, திகதி சொல்லிக் கேளுங்கள். நான் எழுதிய மாதிரி இது:

"கடந்த ஜனவரி 1 முதல் இன்றுவரை எமது கிராம சேவகர் பிரிவில் மணல் அகழ்வுக்காகக் கிடைத்த விண்ணப்பங்களின் பிரதிகள், அவை பற்றி உங்கள் அலுவலகம் அனுப்பிய விதப்புரை அல்லது ஆட்சேபனைக் கடிதங்கள், கள ஆய்வு அறிக்கைகள், இவ்விண்ணப்பங்கள் தொடர்பாக விண்ணப்பதாரருடனோ அவர் சார்பில் வந்தவருடனோ நடந்த சந்திப்புகளின் குறிப்புகளும் அந்நாட்களுக்கான வருகைப் பதிவேட்டுப் பக்கங்களும், இவ்விடயம் பேசப்பட்ட கூட்டங்களின் அறிக்கைகளும் வருகைப் பட்டியல்களும்."

நான்காவதாகக் கேட்டிருப்பதைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். முழுக் கடிதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்று முடிவானால், அந்த முடிவிலிருந்து 14 நாட்களுக்குள் கையில் கிடைக்க வேண்டும். விடயம் ஒருவரின் உயிரையோ தனிமனித சுதந்திரத்தையோ தொடுவதென்றால் 48 மணித்தியாலம்.

எங்களுக்கு வந்த பதிலில் மற்றவை எல்லாம் இருந்தன. நான்காவது கேள்விக்கு நேரே மட்டும் "அவ்வாறான பதிவேடு பேணப்படுவதில்லை" என்று எழுதியிருந்தது. அமைப்பில் சிலருக்கு ஏமாற்றம். எனக்கு அப்படியில்லை. முக்கால் மணி நேரச் சந்திப்புக்குப் பதிவு எதுவுமில்லை என்பதை அந்தக் கந்தோரே கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறது. படி 6 இல் சபையில் எதைக் கேட்க வேண்டும் என்பது அந்த வரியில்தான் தெளிவானது.

படி 4: மறுத்தால் விடாதீர்கள்

வழக்கமாக வரும் மறுப்பு "வணிக இரகசியம்". சட்டத்தின் 5 ஆம் பிரிவில் அப்படி ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் அதே பிரிவில், பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும் என்றும் இருக்கிறது. மேன்முறையீட்டில் இந்த இரண்டாவது பகுதியைச் சுட்டிக்காட்டி, வாய்க்கால் கட்டின் படத்தையும் சேர்த்து வையுங்கள்.

மேன்முறையீட்டை 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் அதற்கென நியமித்த அலுவலருக்கு அனுப்ப வேண்டும். அவருக்கு மூன்று வாரம். அவரும் மறுத்தால், அல்லது வாயே திறக்காவிட்டால், இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். பதிலே வராததையும் மறுப்பாகத்தான் எடுக்க வேண்டும். "நாளைக்கு வாங்க, நாளையிண்டைக்கு வாங்க" என்று இழுத்தடிப்பதை நம்பி அந்த 14 நாட்களை விட்டுவிட வேண்டாம். எங்கள் அமைப்பு ஒருமுறை அப்படி விட்டுவிட்டு, திரும்ப முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டி வந்தது.

படி 5: கையெழுத்துக்கு முன் போங்கள்

அனுமதி கொடுத்த பிறகு ஹர்த்தால் செய்வது கடினமான வழி. பெரியபுல்லுமலைத் தண்ணீர்ப் போத்தல் தொழிற்சாலைக்கு எதிராக 2018 இல் மட்டக்களப்பில் கடையடைப்பு நடந்ததை எல்லோரும் அறிவோம். நிலத்தடி நீர் போய்விடும் என்ற பயத்தில் சனம் தெருவுக்கு வந்தது. கட்டடம் எழும்பிய பிறகு நடத்தும் போராட்டத்தில் இரண்டு பக்கமும் பின்வாங்குவது கஷ்டம். சமூகங்களுக்கிடையில் கசப்பும் வந்துவிடுகிறது. நம் மாவட்டத்தில் அது சின்ன விஷயமில்லை.

முன்கூட்டியே அறிய இரண்டு வழி இருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும். அதை மக்கள் பார்வைக்கு வைத்து 30 நாட்கள் கருத்துக் கேட்க வேண்டும், தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் வர வேண்டும். அந்த அறிவித்தலைப் பார்த்துச் சொல்ல ஊரில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். நூலகத்துக்குத் தினமும் போகிற ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். கவனம்: ஆரம்ப சுற்றாடல் பரீட்சை என்ற சிறிய அறிக்கையோடு ஒரு திட்டத்தை முடித்துக்கொண்டால் இந்த 30 நாள் கிடைக்காது. ஆகவே ஒரு பெரிய திட்டத்துக்கு எந்த அறிக்கை கேட்டிருக்கிறார்கள் என்பதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

மற்றது, அதிகம் பேருக்குத் தெரியாதது: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு. உள்நாட்டுப் பணத்தில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டத்தையும், வெளிநாட்டுப் பணத்தில் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டத்தையும் தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே, அதனால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கு அமைச்சர் தகவல் தர வேண்டும். இன்றைய விலைவாசியில் 5 இலட்சத்துக்கு ஒரு சின்ன மதகுகூடக் கட்ட முடியாது. அப்படியென்றால் நம் ஊரில் நடக்கும் அநேக அரச வேலைகள் இதற்குள் வரும். "9 ஆம் பிரிவின்படி" என்று கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

படி 6: சபையில் ஒரு பதிவேடு

என் மனதுக்கு மிக நெருக்கமான படி இது. தேசிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, இரண்டு நகர சபை, ஒன்பது பிரதேச சபை என்று 12 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. 2025 மே 6 இல் வாக்குப் போட்டு இவற்றுக்கு உறுப்பினர்களை அனுப்பியிருக்கிறோம். ஒரு உறுப்பினர் பிரேரணை கொண்டுவந்து, சபை அதை ஏற்றால் போதும்.

சிலியில் 2014 இல் வந்த சட்டம் அமைச்சரில் தொடங்கி நகர முதல்வர்வரை கட்டுப்படுத்துகிறது. தம்மிடம் கோரிக்கையோடு வந்தவர்களைச் சந்தித்தது, போன பயணம், வாங்கிய அன்பளிப்பு எல்லாவற்றையும் அவர்கள் வெளியிட வேண்டும். அயர்லாந்தில் 2015 இன் சட்டம் மற்றப் பக்கத்தால் வருகிறது. கோரிக்கை வைக்கப் போனவர் வருடத்துக்கு மூன்று தடவை, யாரைச் சந்தித்தேன், எதைப் பற்றி என்று பதிய வேண்டும். நம் சபைகளுக்குச் சிலியின் முறைதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். வருகிறவரைப் பதியவைப்பதற்கு நம்மிடம் சட்டம் இல்லை. ஆனால் கதிரையில் இருப்பவர் தன் கதவைப் பற்றித் தானே முடிவெடுக்கலாம்.

பிரேரணையை நீட்டி முழக்க வேண்டாம். தவிசாளர், செயலாளர் இருவரின் அறையிலும் ஒரு கொப்பி இருக்க வேண்டும். அனுமதி, கேள்விமனு (டெண்டர்), குத்தகை, காணி தொடர்பாக வரும் எவரும் திகதி, பெயர், யார் சார்பில் வந்தார், எதைப் பற்றி, என்ன ஆவணம் கொடுத்தார் என்று ஐந்து நிரலை நிரப்பிவிட்டுத்தான் பேச வேண்டும். அறைக்கு வெளியே, கல்யாண வீட்டிலோ போனிலோ அதே விடயம் பேசப்பட்டால் மறுநாள் அதையும் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தை அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கும் தெருவிளக்குக்கும் வரும் சனத்தை இதற்குள் இழுக்கக் கூடாது. இழுத்தால் ஏழைக்குத்தான் வாசல் அடைபடும்.

"இது என்ன புதுப் பழக்கம், என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று தவிசாளர் கேட்பார். நாங்கள் சொன்ன பதில்: கோயிலில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர் கணக்குக் கொப்பி வைப்பது அவரைச் சந்தேகப்பட்டில்லை, நாளைக்கு அவர்மேல் பழி வராமல் இருக்கத்தான். இதைச் சண்டையாக இல்லாமல் அவருக்கும் காவலாக எடுத்துச் சொன்னால் கேட்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள்.

பிரதேச சபைச் சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கலாம். சுற்றாடல் குழுவில் ஒரு கமக்காரரும் ஒரு மீனவரும் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மாதக் கூட்டத்துக்கும் இரண்டு பேராவது போய்ப் பின்வரிசையில் இருங்கள். ஒன்றும் பேச வேண்டாம், கொப்பியும் பேனையுமாக இருந்தாலே கூட்டத்தின் போக்கு மாறும்.

படி 7: காசு வந்த வழி

2023 இன் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் தனக்குக் கிடைத்த நன்கொடையையும் செய்த செலவையும் கணக்குக் காட்ட வேண்டும். அதைப் பார்வையிட மக்களுக்கு இடமுண்டு. தேர்தல் அலுவலகத்தில் கேட்டு, நன்கொடை தந்தவர்களின் பெயரையும் படி 3 இல் கிடைத்த விண்ணப்பதாரர்களின் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் அதுவே குற்றம் என்று அர்த்தமில்லை. அந்த உறுப்பினர் அந்த விடயத்தில் விலகி நிற்க வேண்டும் என்று கேட்க அது போதும்.

2023 இன் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சி உறுப்பினர்களும் சொத்து விபரம் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும் ஜூன் 30 க்குள். தன் சொந்த நலனும் பதவியும் மோதும் இடத்தில் முடிவெடுப்பதும் அந்தச் சட்டத்தில் குற்றம். அப்படியொன்றுக்கு ஆதாரம் இருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைக்கலாம், எழுத்தில் முறையிட்டால் இன்னும் நல்லது. தெரிந்தே பொய் முறைப்பாடு கொடுப்பதும் அதே சட்டத்தில் குற்றம். ஆகவே கண்டதை மட்டும் எழுதுங்கள், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதென்றே எழுதுங்கள், பேஸ்புக்கில் பெயர் போட்டுத் திட்ட வேண்டாம்.

நம் பக்கத்துக் கதவும் திறந்துதான் இருக்கிறது

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். திருவிழாவுக்கு லைட் போட்டுத் தருகிறோம், விளையாட்டுக் கழகத்துக்கு ஜேர்சி தருகிறோம், பாடசாலைக்குத் தண்ணீர்த் தாங்கி தருகிறோம் என்று திட்டக்காரர்கள் முதலில் வருவது அதிகாரியிடம் இல்லை, நம்மிடம்தான். வாங்கிய பிறகு ஊர்க் கூட்டத்தில் வாய் எழும்பாது. எங்கள் அமைப்பு இப்போது ஒரு விதி வைத்திருக்கிறது: அனுமதி விண்ணப்பம் போட்டிருக்கும் எவரிடமும், விடயம் முடியும்வரை எதுவும் வாங்குவதில்லை. முன்பு வாங்கியதைக் கூட்ட அறிக்கையில் எழுதிவிட்டோம். சபையிடம் பதிவேடு கேட்கப் போனபோது "நீங்கள் மட்டும் என்ன?" என்று ஒருவர் கேட்டார். அந்த அறிக்கையின் பிரதியை அவர் கையில் கொடுத்தோம்.

மேலே கேட்க வேண்டியது

மட்டக்களப்புத் தேர்தல் மாவட்டத்தில் ஐந்து பாராளுமன்ற உறுப்பினர்கள், அம்பாறையை உள்ளடக்கிய திகாமடுல்லையில் ஏழு பேர். எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர்கள் எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். மூன்று கேள்வி போதும். அமைச்சர்களும் திணைக்களத் தலைவர்களும் தொழில் சார்ந்து வந்தவர்களைச் சந்தித்ததைப் பகிரங்கப்படுத்தும் சட்டத்துக்கு ஆதரவு தருவீர்களா? பதவி விட்டுப் போன அதிகாரி, தான் அனுமதி கொடுத்த கம்பனிக்காகவே திரும்பி வந்து பேசுவதைச் சில காலம் தடுக்கும் ஏற்பாட்டுக்கு ஆதரவு தருவீர்களா? கனடாவில் அந்தக் காலம் ஐந்து வருடம், அயர்லாந்தில் ஒரு வருடம். மூன்றாவது கேள்விக்குச் சட்டம் எதுவும் தேவையில்லை: போன மாதம் மணல், காணி, கரையோரம் பற்றிப் பேச உங்களிடம் வந்தவர்களின் பட்டியலை எங்களுக்குத் தருவீர்களா?

வந்த பதிலையும், வராவிட்டால் கடிதம் அனுப்பிய பதிவுத் தபால் துண்டின் பிரதியையும் ஊர்ப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.